வளைந்த விரல்கள் தந்த பார்வை: கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி அவர்களின் வாழ்வும் பணியும்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

புகழனைத்தும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல நாயனுக்கே உரியன. அவனது சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் நின்று நிலவட்டுமாக!

 

எட்டயபுரம் என்ற ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் நம் சமுதாய மக்களின் நினைவில் நிற்பவர் சீறாப்புராணம் யாத்த உமறுப்புலவர் அவர்கள். அப்பெருமகனார் அடக்கமாகியிருக்கும் அந்த ஊருக்கு அருகே, கரிசல் மண் சூழ்ந்த அயன்வடமலாபுரம் என்ற சிற்றூர் இருக்கிறது. இன்று நமது தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கிய அவ்வூரில் பிறந்த விவசாயி மகன் ஒருவர், இலட்சக்கணக்கான ஏழைகளின் கண்களில் ஒளி ஏற்றினார் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? அவர்தாம் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அவர்கள். மருத்துவ உலகம் அவரை டாக்டர் வி என்று சுருக்கமாக அழைத்தது.

அவரது சமயம் வேறு, நமது மார்க்கம் வேறு என்பது உண்மையே. ஆயினும் பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு மதீனாவின் சிறுவர்களுக்கு எழுத்தறிவு கற்பிக்கச் செய்தவர்கள் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள். நல்ல கல்வியை எவரிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அந்த நோக்கத்துடனேயே இவரது வாழ்க்கைச் சுருக்கத்தை ஆண்டு மலரில் வழங்குகிறோம்.

இளமையும் கல்வியும்

1918-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ஆம் நாள் டாக்டர் வெங்கடசாமி அவர்கள் பிறந்தார்கள். அப்போது அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ஆம் ஆண்டில்தான். உடன்பிறந்தார் ஐவரில் அவரே மூத்தவர். பலகையும் பென்சிலும் எளிதில் கிடைக்காத காலமாதலால் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிக் கற்றார். காலில் செருப்பின்றி நெடுந்தொலைவு நடந்து பள்ளிக்குச் சென்றார்.

அவருக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு துயரம் நிகழ்ந்தது. உறவினப் பெண்கள் மூவர், பேறுகாலச் சிக்கல்களால் அடுத்தடுத்து மரணமடைந்தனர். அருகில் மருத்துவர் எவரும் இல்லை. தாய்மார்கள் இப்படிச் சாகாமல் காக்கும் மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அச்சிறுவரின் உள்ளத்தில் அன்றே வேரூன்றிவிட்டது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938-இல் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1945-இல் இராணுவ மருத்துவப் பிரிவில் பணியேற்றார். பணிக்காலம் முடிந்ததும் மகப்பேறு மருத்துவம் கற்க வேண்டும் என்பதே அவரது திட்டமாக இருந்தது.

மனிதன் திட்டமிடுகிறான்

மனிதன் ஒன்றைத் திட்டமிட, இறைவன் வேறொன்றைத் தீர்மானிக்கிறான். முடக்குவாதம் என்னும் கொடிய மூட்டுநோய் அவரைத் தாக்கியது. 1948-இல் இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். அப்போது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயதுதான். ஓராண்டுக்கும் மேலாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். எழுந்து நிற்பதையும் நடப்பதையும் குழந்தையைப் போலப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கைவிரல்கள் வளைந்து, திருகிக்கொண்டு, பேனாவைப் பிடிப்பதற்கே இயலாதவையாகிவிட்டன. அந்த விரல்களின் கோணலும் மூட்டுகளின் வலியும் அவரை ஆயுள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

மகப்பேறு மருத்துவத்திற்கு வேண்டிய உடல் வலிமை இனித் தமக்கு வாய்க்காது என்று அவர் உணர்ந்தார். சிறுவயது முதல் கண்ட கனவு அத்துடன் முடிந்துபோனது. வேறொருவராயின் ஓர் அலுவலக மேசைக்கு முன் அமர்ந்து காலத்தைக் கழித்திருப்பார். அவரோ கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார்.

கண் அறுவைக்கு ஆற்றல் குறைவாகத் தேவைப்படலாம். ஆனால் அதற்கு வேண்டிய நுண்மை வேறெந்த அறுவைக்கும் வேண்டியதைவிடக் குறைந்ததன்று. மயிரிழை அளவு கத்தி விலகினாலும் பார்வை போய்விடும். அத்தகைய வேலையை வளைந்த விரல்களைக் கொண்டு செய்ய முடியும் என்று அவர் நம்பியதே ஒரு வியப்பு.

கண் மருத்துவப் பயிற்சி

அவர் பயின்ற இடம் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819-இல் தொடங்கப்பட்ட அது, உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அங்கே 1951-இல் கண் மருத்துவப் பட்டயம் பெற்றார். தொடர்ந்து அத்துறையில் முதுநிலை அறுவை மருத்துவப் பட்டமும் பெற்றார்.

பாடநூல்களைக் கற்பது அவருக்குக் கடினமாக இருக்கவில்லை. கையைப் பழக்குவதே கடினமாக இருந்தது. முதலில் பேனாவைப் பிடிக்கப் பழகினார். பின்னர் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். மற்றவர் பிடிக்கும் முறை தம் கைக்கு ஒத்துவராதபோது, வளைந்த விரல்களுக்கு ஏற்ற முறையைத் தாமே கண்டார். தம் கைக்குப் பொருந்தும் கருவிகளையும் செய்வித்துக்கொண்டார். நாளடைவில் ஒரே நாளில் நூறு கண்புரை அறுவைகள் வரை செய்யுமளவுக்கு அந்தக் கைகள் தேர்ச்சி பெற்றன. தம் வாழ்நாளில் அவர் தம் கையாலேயே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்து முடித்தார்.

இங்கே கண்புரை என்பது யாதென விளக்குவது பயன்தரும். கண்மணிக்குப் பின்னால் இயற்கையாக அமைந்த ஒரு வில்லை உண்டு. கண்ணாடி போன்று தெளிவான அந்த வில்லை முதுமையாலும், சர்க்கரை நோய் போன்றவற்றாலும் மங்கிப் பால்போல் வெளுத்துவிடுகிறது. ஒளி உள்ளே புகுவது தடைபடுகிறது. முற்றிய புரை முத்துப் போலத் தோன்றுவதால் உர்தூ மொழியில் இதனை மோத்தியாபிந்து என்கின்றனர். முத்துக் குளித்தலுக்குப் பெயர்பெற்ற கடற்கரையில் வாழும் நமக்கு அந்த உவமை எளிதில் விளங்கும். கடலில் விளையும் முத்து செல்வமாகிறது. கண்ணில் விளையும் முத்தோ இருளாகிறது. அதை அகற்றிவிட்டால் பார்வை மீள்கிறது. பார்வையற்றோரில் பெரும்பகுதியினர் இந்த ஒரு காரணத்தாலேயே இருளில் இருந்தனர் என்பதே டாக்டர் வெங்கடசாமி அவர்களை உறங்கவிடாமல் செய்த செய்தி.

அரசுப் பணியும் கண் முகாம்களும்

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். பின்னர் இராஜாஜி மருத்துவமனை என்று பெயர் மாறிய அம்மருத்துவமனையில் இருபதாண்டுகள் பணியாற்றினார்.

நோயாளி மருத்துவமனையைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1960-களில் கிராமங்கள் தோறும் கண் முகாம்களை நடத்தினார். பார்வையை மீட்க இயலாதவர்களுக்காக ஒரு மறுவாழ்வு மையம் ஏற்படுத்தினார். வைட்டமின் ஏ சத்துக் குறைவால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்கும் பணியிலும் ஈடுபட்டார். கீரையும் காய்கனியும் போதிய அளவு கிடைத்தாலே தடுக்கக்கூடிய குருட்டுத்தன்மை அது. மருத்துவருக்கு உதவியாகக் கண் பரிசோதனை செய்யக்கூடிய உதவியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் திட்டத்தையும் தொடங்கினார். 1973-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

தந்தையார் மறைந்தபின் இளையவர்களின் கல்வியும் திருமணமும் அவர் பொறுப்பாயின. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கையரைப் படிக்க வைத்து ஆளாக்கினார். பின்னாளில் அவர்களே அவரது பணிக்குத் தூண்களாயினர்.

பதினொரு படுக்கைகள்

1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றோர் திண்ணையைத் தேடும் வயதில் அவர் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். மதுரை அண்ணாநகரில் ஒரு வீட்டில், பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனை உருவாயிற்று. அவர் பின்பற்றிய புதுச்சேரி ஞானி அரவிந்தரின் பெயரை அதற்குச் சூட்டினார். தங்கை டாக்டர் நாச்சியார், அவர்தம் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி ஆகியோர் மருத்துவப் பணியில் உடன் நின்றனர். தம்பி சீனிவாசன் கட்டடப் பணியையும் கணக்கு வழக்குகளையும் கவனித்துக்கொண்டார். பணம் போதாமையால் வீட்டை அடமானம் வைத்தார்கள். குடும்பத்தாரின் நகைகளை அடகு வைத்தார்கள்.

பெரிய செல்வந்தர் எவரையும் நம்பி இம்மருத்துவமனை தொடங்கப்படவில்லை. வசதியுள்ளோர் உரிய கட்டணம் செலுத்துவர்; அந்தக் கட்டணத்தில் எஞ்சுவதைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அறுவை செய்யப்படும். இதுவே அடிப்படை விதி. ஒருவர் ஏழைதானா என்று எவரும் துருவிக் கேட்பதில்லை. சான்றிதழ் கொண்டுவரச் சொல்வதில்லை. கட்டணப் பிரிவுக்குச் செல்வதா, இலவசப் பிரிவுக்குச் செல்வதா என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம். இரு பிரிவுகளிலும் அதே மருத்துவர்களே மாறி மாறிப் பணிபுரிவர். கட்டிலிலும் அறை வசதியிலும் வேறுபாடு இருக்கும். அறுவையின் தரத்தில் வேறுபாடு இருக்காது.

பெருமக்களே! இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். தருமம் பெறுபவரின் மானத்தைக் காப்பது தருமம் கொடுப்பதைவிடக் கடினமானது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டித் தருமத்தைப் பாழாக்கிவிட வேண்டாம் என்று திருமறை நம்மை எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை ஓதுபவர்கள் நாம். அதை நிர்வாகமாக்கி நடத்திக் காட்டியவர் நம் மாவட்டத்துக் கரிசல்காட்டு மருத்துவர்.

இலவசம் மட்டும் போதாது

அவரது அனுபவத்தில் நமக்கு மிகவும் தேவையான செய்தி ஒன்று உண்டு. அறுவை இலவசம் என்று அறிவித்த பின்னரும் முகாமில் தேர்வு செய்யப்பட்ட பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. பேருந்துக் கட்டணத்துக்குப் பணம் இல்லை. தங்குமிடத்தில் உணவுக்கு என்ன செய்வது என்ற கவலை. துணைக்கு வரும் மகனுக்கோ மகளுக்கோ இரண்டு நாள் கூலி போய்விடும் என்ற தயக்கம். அறுவைக்குப் பயம். வயதான பின் பார்வை எதற்கு என்ற விரக்தி.

ஆகவே முகாமிலிருந்து நோயாளிகளைப் பேருந்தில் அழைத்துச் செல்வது, உணவும் தங்குமிடமும் கொடுப்பது, அறுவை முடிந்து ஊரிலேயே கொண்டுவந்து விடுவது என்ற ஏற்பாடுகள் செய்யப்பட்டன. ஒரே ஊரினர் ஒன்றாகச் செல்வதால் தனித்துணையும் தேவைப்படவில்லை; பயமும் குறைந்தது. முகாமுக்கு இடம் கொடுத்து மக்களைத் திரட்டும் பொறுப்பை அந்தந்த ஊர்ச் சங்கங்களும் தொண்டர்களும் ஏற்றனர்.

மருத்துவமனைக்குள்ளும் சிக்கனமான ஒழுங்கு கடைப்பிடிக்கப்பட்டது. ஓர் அறுவை மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் மறு நோயாளி ஆயத்தமாக இருப்பார். கிராமத்துப் பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டுகள் பயிற்சியளித்து, பரிசோதனை முதல் அறுவை உதவி வரை பல பொறுப்புகள் ஒப்படைக்கப்பட்டன. மருத்துவரின் நேரத்தில் ஒரு நிமிடமும் வீணாகவில்லை. பல அறுவைகள் செய்யப்படுவதால் ஒவ்வோர் அறுவைக்கும் ஆகும் செலவு குறைந்தது.

கண்ணுக்குள் வைக்கும் வில்லை

முற்காலத்தில் புரையை அகற்றியபின் சோடாப்புட்டி போன்ற தடித்த மூக்குக்கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. அது உடைந்தாலோ தொலைந்தாலோ மீண்டும் இருள்தான். பின்னர் கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தும் முறை வந்தது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த வில்லையின் விலை ஏழைக்கு எட்டாததாக இருந்தது. செல்வந்தருக்கு வில்லை, ஏழைக்குத் தடித்த கண்ணாடி என்ற வேற்றுமையை அவர் ஏற்கவில்லை. 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கப்பட்டு, அவ்வில்லைகள் உள்நாட்டிலேயே மிகக் குறைந்த விலையில் செய்யப்பட்டன. அவை இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று மருத்துவமனையின் கிளைகள் பரவின. நமது தூத்துக்குடியிலும் ஒரு கிளை இயங்கி வருகிறது. 2006-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7-ஆம் நாள், தமது 87-ஆம் வயதில் டாக்டர் வெங்கடசாமி அவர்கள் காலமானார்கள். 2010-இல் அம்மருத்துவமனைக்கு ஹில்டன் மனிதநேய விருது வழங்கப்பட்டது. அவர் மறைந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆகியும், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான அறுவைகள் அங்கே நடைபெறுகின்றன. தலைவர் மறைந்தபின் தளராமல் நடக்கும் பணியே சரியான நிர்வாகத்தின் அடையாளம். நம் ஜமாஅத்துகளின் நிர்வாகிகள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர் விட்டுச்சென்ற வழி

இந்தக் கலை நம் முன்னோர்க்கு அந்நியமானதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா என்ற கண் மருத்துவர் கண்நோய்களைப் பற்றி எழுதிய நூல், பல நூற்றாண்டுகள் மருத்துவர்களுக்குப் பாடநூலாக விளங்கியது. அதே காலத்தவரான மூஸல் நகரத்து அம்மார் இப்னு அலீ, துளையுள்ள ஊசியைக் கண்ணுக்குள் செலுத்திப் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதிவைத்தார். இப்னுல் ஹைதம், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று நிறுவினார். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் கண்நோயாளிகளுக்கெனத் தனிப்பகுதி இருந்தது. ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி, வக்ஃபு சொத்துகளின் வருவாயிலிருந்து சிகிச்சை அளிக்கப்பட்டது. நிலையான வருவாயை ஏழைக்குத் திருப்பிவிடும் அந்த முறையைத்தான் மதுரையில் வேறொரு வடிவத்தில் காண்கிறோம்.

நமது பொறுப்பு

நமது மஹல்லாவை எண்ணிப் பாருங்கள். உப்பளத்து வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயிலிலும், துறைமுகத்திலும், கடலிலும் உழைத்துக் கண் மங்கியோர் நம்மிடையே இருக்கின்றனர். மகனுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று பார்வைக் குறைவை மறைத்து, சுவரைத் தடவி நடக்கும் தாய்மார்கள் இருக்கின்றனர். இது அல்லாஹ் விதித்தது, பொறுத்துக்கொள்கிறேன் என்பார்கள். பார்வை இழந்து பொறுமை காப்போருக்குச் சுவனம் உண்டு என்ற நற்செய்தி உண்மையே. ஆயினும் மருத்துவம் செய்துகொள்ளுமாறு வழிகாட்டியவர்களும் அதே நபி (ஸல்) அவர்களே. தீர்க்க முடியாத நோய்க்குப் பொறுமை. தீர்க்கக்கூடிய நோய்க்கு மருத்துவமும் பொறுமையும். இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

அறுவைக்குப் பின் உளூச் செய்வதும் ஸுஜூது செய்வதும் தடைபடுமே என்று அஞ்சித் தள்ளிப்போடுவோரும் உண்டு. மார்க்கம் இதனைக் கடினமாக்கவில்லை. தண்ணீர் படுவது கண்ணுக்குத் தீங்கு என்று நம்பகமான மருத்துவர் கூறினால் அதற்குரிய சலுகையும் தயம்மும் உண்டு. குனியக் கூடாது என்றால் சைகையால் தொழலாம். நிற்க இயன்ற கண்நோயாளியும், மல்லாந்து படுத்தால்தான் சிகிச்சை கூடும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் படுத்தவாறே தொழலாம் என்பதை நம் ஷாஃபிஈ இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துள்ளனர். கண்ணில் சொட்டு மருந்து விடுவதால் நோன்பு முறிவதில்லை என்பதே ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டம். தத்தம் நிலைக்குரிய விளக்கத்தைத் தம் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெளிக. வணக்கத்தைக் காரணம் காட்டிப் பார்வையை இழக்க வேண்டியதில்லை.

ஜமாஅத் செய்ய வேண்டியவையும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஐம்பது வயதைக் கடந்தோரில் பார்வை மங்கியவர்கள் யார் யார் என்று தெருவாரியாகப் பட்டியல் எடுக்கலாம். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் பரிசோதிக்குமாறு ஜும்ஆவில் நினைவூட்டலாம். இளைஞர்கள் வாகன ஏற்பாடு செய்யலாம். மூதாட்டியருக்குத் துணையாக மஹல்லாவின் பெண்கள் இருவர் முறைவைத்துச் செல்லலாம். உதவி பெற்றவர் பெயரைப் பலகையில் எழுதாமல் காக்கலாம்.

திருமறையின் எண்பதாவது அத்தியாயம் கண் தெரியாத ஒருவரை முன்னிட்டே அருளப்பட்டது. அவர்தாம் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். கேட்டுவந்த பார்வையற்றவரை முதலில் கவனிக்க வேண்டும் என்று அல்லாஹ்வே தன் தூதருக்கு உணர்த்தினான். அந்த ஸஹாபியை அண்ணலார் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்பவராக ஆக்கினார்கள். தாம் மதீனாவை விட்டு வெளியே சென்ற வேளைகளில் தம் பிரதிநிதியாகவும் நியமித்தார்கள். அந்த நபியின் உம்மத்தினர் வாழும் மஹல்லாவில், மீட்கக்கூடிய பார்வையை இழந்து ஒருவரும் இருளில் இருக்கலாகாது.

வல்ல ரஹ்மான் நம் கண்களையும் கைகளையும் அவன் பொருந்திக்கொள்ளும் பணிகளில் ஈடுபடுத்துவானாக! நம் பிள்ளைகளிலிருந்து ஏழைகளுக்கு உழைக்கும் நல்ல மருத்துவர்களை உருவாக்குவானாக! நோயுற்றோர் யாவருக்கும் பூரண ஷிஃபாவை நல்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.